செத்ததிலிருந்து வேலைக்குப் போகாதவர்

1

இந்தக் கதை மனுவாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள்.

எங்கள் சந்தின் கடைசி அறையில் குடியிருக்கிற சந்திரம்மாள் ஒருநாள் காலையில் வந்து, "அண்ணே, நீங்கதான் எழுதுறவராச்சே, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றாள்.

நான் எழுதுகிறவன்தான். புத்தகமெல்லாம் வந்திருக்கிறது. அதில் ஒரு புத்தகத்தின் பிரதிகளைப் பெரும்பாலும் நானே வாங்கினேன். ஆனால் மனு எழுத வராது. நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். அதிலும் பாதி வருஷம் வாத்தியார் வரவில்லை. அப்புறம் தனியார் பஸ்ஸில் கிளீனர், கண்டக்டர், கடைசியில் செக்கிங். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, "டிக்கெட்டைக் காட்டு" என்கிற ஆள். முகத்தைப் பார்த்ததும் இவன் பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டு, அப்புறம்தான் கையைப் பார்ப்பேன். வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. உங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனுவை ஆரம்பித்தேன்.

"ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ள..." சந்திரம்மாள் கைநாட்டு. அடித்தேன்.

"ஐயா, நான் ஒரு விதவை. ஆனால் கம்ப்யூட்டரில் நான் விதவை இல்லை. நான் விதவை என்று நிரூபித்தால் எனக்குப் பணம் வராது. விதவை இல்லை என்று நிரூபித்தால் வரலாம். ஆகவே தாங்கள்..."

ஆகவே தாங்கள் என்ன செய்ய வேண்டும்? எனக்கே தெரியவில்லை. மனு எழுதுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாததால் இது கதையாகிவிட்டது.

2

கதை என்று ஆனபிறகு தொடக்கம் வேண்டுமே. எழுதிப் பார்த்ததை அப்படியே வைக்கிறேன்.

"காவிரிப் பாலத்தின் மேல் மாலை வெயில் பொன்னாய்ச் சிந்திக்கொண்டிருந்த..."

நிறுத்திவிட்டேன். என் ஆயுசுக்கும் அந்தப் பாலத்தில் போய் வந்திருக்கிறேன். வெயில் பொன்னாய்ச் சிந்தி நான் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ மூக்கை நுழைக்கும். அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"மக்கள் நலத்திட்டங்களைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் போக்கு உலகெங்கும்..."

இது பேப்பரைப் பார்த்துக் காப்பி அடித்தது. உலகெங்கும் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது துறையூர் வரைக்கும்.

"சந்திரம்மாளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த விதவைப் பணம் நின்றுபோனது."

இது சரி. இதில் எதுவும் சிந்தவில்லை.

அந்தப் பணம் வந்தால் எங்கள் பேட்டை சிந்தாமணியில் அந்த அறைக்கு வாடகை கொடுப்பாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவி வருவதில் சாப்பாடு. முட்டி வீங்கியதிலிருந்து மண்டபத்தில் கூப்பிடுவது குறைந்துவிட்டது. வாடகை கொடுக்க முடியாவிட்டால் பச்சைமலைக்குப் போக வேண்டும். அங்கே அவள் அண்ணன் மகன் பூவரசன் இருக்கிறான். நல்ல பையன். "வந்துரு அத்தே, ஆட்டைப் பாத்துக்க, புள்ளைங்களைப் பாத்துக்க, சோறு போடுறேன்" என்கிறான். சோறு போடுவான். சோறு மட்டும். அத்திபூத்தாற்போல் வருகிற பஸ்ஸில் மேலே ஏறிவிட்டால் அவள் மறுபடி இறங்கப் போவதில்லை, அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

"மலை நல்ல மலைதான் அண்ணே. நான் அங்கேருந்துதான வந்தேன். திரும்பிப் போறதுக்கா வந்தேன்?" என்றாள்.

கதையில் என்ன ஆகப் போகிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியது இது ஒன்றைப் பற்றித்தான். அந்த அறை இருக்குமா, போகுமா.

3

இந்தக் கதையில் வருகிற அரசாங்கம் ஒருநாள் யோசித்தது. (நிஜ அரசாங்கம் இல்லை. திட்டத்துக்கு 'நிழற்குடை' என்று பேர் வைத்ததும் நான்தான். இதைத் தூக்கிக்கொண்டு யாரும் ஆபீஸ் ஆபீஸாய் அலைய வேண்டாம்.) விதவைக்கும் முடியாதவருக்கும் மாதாமாதம் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, அதை ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியமாகக் கட்டிவிடுவது, எந்த வீட்டுக்குக் கஷ்டம் வருகிறதோ அந்த வீட்டுக்குக் கம்பெனி கொடுக்கும்.

புருஷன் செத்துப்போனால் பெண்டாட்டிக்கு மாதப் பணம். புருஷன் உயிரோடு இருந்து எழுபது வயதைத் தாண்டிவிட்டாலும் உழைக்க முடியாதவர் என்ற பிரிவில் பணம்.* கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் கட்டுகிற நிழற்குடையும் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். கீழே நின்றால் வெயில் கரெக்டாக நம் தலையில் விழும்.

வீடு வீடாய்ப் போய்ப் பேர் எழுதப் படித்த பிள்ளைகளை அனுப்பினார்கள். எங்கள் சந்துக்கு வந்தவன் பிரஹலாத். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பையன், துவாக்குடிப் பக்கம் ஏதோ காலேஜில் இன்ஜினீயரிங் முடித்தவன்.

வந்தது பங்குனி மாசம். சமயபுரத்து ஆத்தா ஜனங்களுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிற நாள். எங்கள் சந்தில் பாதிப் பேர் அப்போது மஞ்சள் கட்டி விரதம். சந்திரம்மாளும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்கிறாள். மஞ்சள் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் விரத மாலை, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். புருஷன் இருப்பவள் இல்லாதவள் என்று ஆத்தா வரிசை பிரித்து நிறுத்துவதில்லை. எங்கள் சந்திலும் யாரும் கேட்பதில்லை.

பிரஹலாத் வளர்ந்த வீட்டில் அப்படி இல்லை. அத்திம்பேர் காலமானதிலிருந்து அவன் அத்தை நெற்றியில் எதையும் வைத்து அவன் பார்த்ததில்லை. குங்குமம் இருந்தால் வீட்டுக்காரர் இருக்கிறார். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படி நிற்கிற பொம்பளையிடம் போய், "உங்க புருஷன் இருக்காரா?" என்று கேட்பதா? நாக்கு அழுகிவிடும் என்று அவன் அம்மா சொல்லி வளர்த்திருப்பாள். கேட்கவில்லை. போட்டோ எடுத்தான். டேப்லெட்டில் 'கணவர் உயிருடன் உள்ளார்' என்ற கட்டத்தை ஒரு விரலால் தொட்டான்.

மஞ்சக்காமாலையில் செத்து, ஓயாமாரி சுடுகாட்டில் எரிந்து, காவிரியில் கரைந்துபோன மனுஷன், அந்த ஒரு விரல் பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

(*இந்த வயசு சமாசாரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் தலையில்தான் வந்து விடிகிறது.)

4

பணம் நின்றதும் விசாரிக்கப் போனோம். தில்லைநகரில் கம்பெனி ஆபீஸ். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று நானும் சந்திரம்மாளும் கொஞ்ச நேரம் பரீட்சை எழுதினோம். உள்ளே கவுன்ட்டரில் மெஹ்ரீன் என்று ஒரு பெண். தலையில் முக்காடு, மரியாதையான பேச்சு. எனக்கு மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் கூடுதல் சந்தேகம்.

"சொல்லுங்கம்மா."

"பணம் வரலைங்க."

மெஹ்ரீன் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறாராம்மா?"

"இல்லைங்க."

"ஏன் போறதில்ல?"

"செத்துட்டாருங்க."

"அல்லா. எப்பம்மா?"

"அது ஆச்சு, பத்துப் பன்னண்டு வருசம்."

மெஹ்ரீன் மறுபடி தட்டினாள். "இதுல உயிரோட இருக்காருன்னு இருக்கே."

சந்திரம்மாள் கவுன்ட்டர் மேல் எட்டிப் பார்த்தாள். "எங்க இருக்காருன்னு போட்டிருக்கா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

மெஹ்ரீன் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, இதைத் திருத்திரலாம். திருத்தினா நீங்க விதவைன்னு வரும். ஆனா பாலிசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விதவையா இருந்தா, அதுக்குப் பேரு 'முன்பே இருந்த நிலை'. சர்க்கரை வியாதி முன்னாடியே இருந்தா தரமாட்டாங்கல்ல, அது மாதிரி. அதுக்குப் பணம் கிடையாது."

"விதவைக்குத்தானம்மா பணம்?"

"இனிமே ஆகப் போற விதவைக்கு."

"அப்ப ஆனவளுக்கு?"

"அதான் சொன்னேனே. முன்பே இருந்த நிலை."

சந்திரம்மாள் யோசித்தாள். "வீட்டுக்காரரால உழைக்க முடியாட்டியும் குடுப்பாங்கன்னு அந்தத் தம்பி சொல்லுச்சே?"

"குடுப்பாங்க. அவரால முடியலைன்னு காட்டணும்."

"செத்ததுலேர்ந்து அவரு ஒருநாள்கூட வேலைக்குப் போகலைம்மா."

மெஹ்ரீன் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்சம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் இன்னிக்கு எதையும் தொடல. அடுத்த வாரம் உங்க வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரை நேர்ல பாப்பாங்க. வீடியோவுல நானும் இருப்பேன். திருத்தணும்னா அதுக்குள்ள வந்து சொல்லுங்க. வேணாம்னா... உங்க இஷ்டம்."

வெளியே வரக் கதவை இழுத்தோம். தள்ள வேண்டிய கதவு.

5

இதுவரை எழுதியதை வீரராகவனிடம் படிக்கக் கொடுத்தேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். என் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருபவர். அதற்குக் காசு வாங்க மாட்டார். அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு கண் உண்டு. (அப்போது மூன்றாம் பகுதியில் பிரஹலாத் என்று பேர் இல்லை. 'ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.)

"ஓய் பிச்சமுத்து, ஒரேடியா ஒரு பக்கமாவே எழுதறீரே. கம்பெனி தரப்பு நியாயம்னு ஒண்ணு இருக்குமோல்லியோ?"

"அதைச் சொல்ல டிவியில விளம்பரம் போடுறாங்களே சாமி. நானும் எதுக்கு?"

"அரசாங்கம் எத்தனை நாளைக்குத்தான் சும்மாத் தூக்கித் தூக்கிக் குடுத்துண்டிருக்கும்? கஜானா என்ன அட்சய பாத்திரமா?"

"உங்க பென்ஷன் வந்துருச்சா?"

"அது ஒண்ணாந்தேதியே..." என்றவர் நிறுத்தினார். "அது நான் உழைச்சதுக்கு ஓய்."

"அவளும் உழைச்சா. நீங்க சாப்ட்ட கல்யாணத்துல எல்லாம் அண்டாவுக்குள்ள இறங்கித் தேய்ச்சவ அவதான். மண்டபத்துல யாரும் பென்ஷன் போடலை."

அவர் பேனா மூடியைக் கடித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

பழைய ஏற்பாடு ஒன்றும் தங்கம் இல்லை. சந்திரம்மாளுக்கு அந்தப் பணம் முதலில் கிடைத்தபோது, அவள் விதவைதான் என்று நம்பவைக்க நாங்கள் பட்ட பாடு! ஒரு ஆபீஸில், "வேற கல்யாணம் பண்ணிக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்கள். பண்ணிக்கொள்ளாததற்கு என்னத்தைக் காட்டுவது? பார்க்க வேண்டியவரைப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு ஆதாரம் தானாக வந்தது. அரசாங்கத்தை நம்புகிறவன் நான் இல்லை. ஆனால் ஒன்று. அங்கே திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "நாளைக்கு வா" என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. ஓட்டுக் கேட்டு வருகிறவனை மறித்து, "என் பணம் எங்கடா" என்று கேட்க முடிந்தது. கம்பெனிக்காரன் ஓட்டுக் கேட்டு வரமாட்டான்.

சகாயம் என்றால் பசித்தவனைப் பார்த்துச் சோறு போடுவது. இன்சூரன்ஸ் என்றால் இன்னும் பசிக்காதவனைத் தேடிப் பிடித்து, பசித்தால் போடுகிறேன் என்பது. ரெண்டும் வேண்டியதாகவே இருக்கலாம். ஆனால் முதலாவதை நிறுத்திவிட்டு ரெண்டாவதைக் கொண்டுவந்தால், ஏற்கெனவே பசியோடு உட்கார்ந்திருக்கிறவன்...

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கட்டுரை மாதிரி போகிறது. "நன்னாயிருக்கே, முடியும்" என்றார் வீரராகவன். அவர் நன்றாயிருக்கிறது என்றதால் நிறுத்திவிட்டேன்.)

அப்புறம் அவர் மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தார். முகம் சிவந்தது.

"இது அக்கிரமம் ஓய். கேக்காமக் கொள்ளாம ஒரு பொம்மனாட்டி விஷயத்துல இப்படி எழுதுவனா ஒருத்தன்? முதல்ல அந்தப் பையனைக் கம்பெனியில காட்டிக்குடுங்கோ. தப்பைத் திருத்தட்டும். உண்மைன்னு ஒண்ணு இருக்கு. யாரு அவன்?"

"உங்க பையன்தான் சாமி."

வீரராகவன் ரொம்ப நேரம் என் எழுத்துப் பிழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கதையில அவன் பேரை மாத்திடும்."

(மாற்றிவிட்டேன். பிரஹலாத் என்பது மாற்றிய பேர்தான். அப்பா பேரை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதனால் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.)

6

இந்தப் பிரஹலாத் எனக்கு ஒத்துழைக்கவே இல்லை. கதைக்கு ஒரு அயோக்கியன் தேவைப்பட்டான், இவனை வைத்து முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

"அவன் கண்களில் பேராசை பளபளத்தது..."

அடித்தேன். அவன் கண்ணில் இருந்தது தூக்கமின்மை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனி தருவதால் வெயிலில் ஓடிக்கொண்டே இருக்கிறான். பழைய ஸ்கூட்டி, அது ஸ்டார்ட் ஆவதற்குள் பெருமாளின் ஆயிரம் நாமத்தில் பாதி முடிந்துவிடும்.

அவனே என்னைத் தேடி வந்தான். வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான்.

"மாமா, அப்பா சொன்னார். நான் அந்த மாமியண்ட கேட்டிருக்கணும். கேக்க வாய் வரலை."

"சரி, போய்த் திருத்து."

"திருத்தினா என் பேர்ல ஒரு தப்பு விழும் மாமா. மூணு விழுந்தா வேலையை விட்டு அனுப்பிடுவா. ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

"அந்த ரெண்டு என்ன?"

அவன் ஹெல்மெட்டைப் பார்த்தான். "ரெண்டும் இதே மாதிரி சமயபுரத்து விரதம்தான் மாமா."

இவனை வைத்து நான் எப்படி அயோக்கியன் செய்வது?

7

அடுத்த நாள் சந்திரம்மாள் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு. குழம்போடு வருகிறவர்களையும் நான் நம்புவதில்லை.

"அண்ணே, உங்களுக்கு எழுவது ஆயிருச்சுல்ல?"

"அது ஆகி ரொம்ப நாளாச்சு. எதுக்கு?"

"வேலையும் இல்ல."

"எழுதுறேனே."

"அதைத்தான் சொல்றேன், வேலையும் இல்ல. அண்ணியும் போய்ச் சேந்துட்டாங்க. அந்தத் தம்பி வர்றப்ப என் ரூம்ல வந்து செத்த நேரம் உக்காருங்க. புருசன்னு சொல்லிக்கறேன். எழுவது தாண்டுனவரு, உழைக்க முடியாதுன்னு எழுதிக்குவாங்க. பணம் வந்துரும்."

குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். முதலில் என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்: நாளைக்கு இவள் என் வீட்டில் பாதி கேட்பாளோ?

கேட்டும்விட்டேன்.

"உங்க வீட்டை வச்சு நான் என்ன பண்றது? மழை பேஞ்சா உள்ள உக்காந்து குடை புடிக்கணும். என் ரூம்ல ஒழுகாது. அதுக்குத்தான இந்தப் பாடு."

"அது மோசடி சந்திரம்மா."

"என் புருசன் உசுரோட இருக்காருன்னு நானா சொன்னேன்? அவங்கதான் சொன்னாங்க. இருக்கற இடத்தைக் கேட்டேன், சொல்லத் தெரியலை. சரி, அவங்க பேச்சுக்கு ஒரு ஆளைக் காட்டுறேன்."

"என்னை அண்ணேன்னு கூப்பிடுறியே. அதையும் வச்சுக்கிட்டு..."

"அன்னிக்கு மட்டும் கூப்புடல. 'என்னங்க'ன்னு சொல்லிக்கறேன்." சொல்லிப் பார்த்தாள். "என்னங்க." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, நாக்கு கூசுதுண்ணே" என்றாள்.

சிரித்து முடித்ததும் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டாள். போகும்போது திரும்பாமலே சொன்னாள்: "பூவரசன் நாத்திக்கெழமை வர்றேன்னு போன் பண்ணிட்டான். மூட்டை கட்டி வைக்கச் சொல்றான்."

8

இந்த இடத்தில் எழுத்தாளன் என்பவன் ஒரு முடிவை எடுக்க வேண்டும். என்னிடம் இருந்தவை இவை.

ஒன்று. தில்லைநகர் போய் உண்மையைச் சொல்வது. மெஹ்ரீன் திருத்துவாள். சந்திரம்மாள் மறுபடி விதவையாவாள், பைசா இல்லாத விதவை. பிரஹலாதுக்கு வேலை போகும். பூவரசன் வந்து ஸ்டவ்வையும் பாயையும் தூக்கிக்கொண்டு முன்னால் போவான்; அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவாள். உண்மை ஜெயிக்கும். வீரராகவனுக்கு இந்த முடிவு பிடித்திருந்தது, பையனுக்கு வேலை போகிற இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

இன்னொன்று. இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வருகிறது. பெரிய அதிகாரி ஒருவர் படித்துவிட்டுக் கண்கலங்கி, காரை எடுத்துக்கொண்டு நேராகச் சிந்தாமணிக்கு...

இதை எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சந்துக்குள் கார் நுழையாது.

மிச்சம் இருந்தது, நான் போய் உட்காருவது. டிக்கெட் இல்லாத ஒருத்தனைக்கூடக் கீழே இறக்காமல் விட்டதில்லை நான். பாஸ் தேதி முடிந்த குருடனைக்கூட இறக்கினேன் என்று எங்கள் டிரைவர் சொல்லிக்காட்டுவார். அப்படிப்பட்ட ஆள் புருஷன் சீட்டில் டிக்கெட் இல்லாமல் உட்காருவதா என்று ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

(ஆதார் என்ன ஆச்சு, ரேஷன் கார்டு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதையெல்லாம் பிறகு இணைப்பார்களாம், முதலில் முகம் போதுமாம். கதையில் ஓட்டை என்று தோன்றினால் அது என் ஓட்டை இல்லை, கம்பெனியின் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் நுழைகிறோம்.)

9

சந்திரம்மாளின் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் நான். பக்கத்தில் அவள் நிற்கிறாள். போட்டோவில் இருந்த மாதிரியே மஞ்சள் சேலை, எட்டணாக் குங்குமம். ஓரத்தில் ஒரு மூட்டை, வாய் கட்டாமல் இருக்கிறது. பாதி துணி உள்ளே, பாதி வெளியே.

பிரஹலாத் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை, டேப்லெட்டில் தெரிகிற என் முகத்தைத்தான் பார்த்தான். ஒரு மூலையில் சின்னக் கட்டத்துக்குள் மெஹ்ரீன்.

"வீட்டுக்காரர் பேர், வயசு சொல்லுங்க" என்றாள் மெஹ்ரீன். அன்றைக்கு ஆபீஸில் சந்திரம்மாளோடு கூட வந்தவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். முகம் ஒன்றும் காட்டவில்லை.

சந்திரம்மாள் சொன்னாள். செத்தவர் பேர், என் வயசு.

"உயிரோட இருக்கறதை மிஷின் பாக்கணும். கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க" என்றாள் மெஹ்ரீன்.

சிமிட்டினேன். டேப்லெட்டுக்குள் இருந்து ஒரு பொம்பளைக் குரல், "முகம் தெளிவாக இல்லை, தயவுசெய்து கண் சிமிட்டவும்" என்றது. மறுபடி சிமிட்டினேன். புரை எடுத்ததிலிருந்து என் வலது கண் இடது கண்ணுக்குப் பின்னால்தான் மூடும். ரெண்டும் ஒன்றாக மூடாது. மிஷின் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நான் உயிரோடு இருப்பதில் அதற்குச் சந்தேகம். என்னைவிடப் பெரிய செக்கிங்.

"இன்னொரு வாட்டி மாமா" என்றான் பிரஹலாத். டேப்லெட்டைக் கிட்டே கொண்டுவந்தான். அதில் என் முகம் ஆடியது.

"தயவுசெய்து கண் சிமிட்டவும்."

கண்ணை இறுக்கி மூடினேன், திறக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்தவர் பேரில் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணும் மூடியிருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கே யார் என்று குழப்பம்.

சந்திரம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நல்லா முழிச்சுப் பாருங்கண்ணே! தெனம் ஊரை மொறைக்கிற மொறைப்பு எங்க போச்சு?"

கண்ணைத் திறந்துவிட்டேன். மிஷின் டிங் என்றது. "நன்றி" என்றது. அதற்கு முகம் கிடைத்துவிட்டது. முறை தெரியாது அதற்கு.

அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். சந்திரம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிரஹலாத் விரலை 'சமர்ப்பி' என்ற பொத்தானுக்கு மேலே வைத்தபடி நின்றான். தொடவில்லை, எடுக்கவும் இல்லை. ஒரு தடவை கேட்காமல் தொட்டு மாட்டிக்கொண்டவன். இந்தத் தடவை காதாரக் கேட்டுவிட்டான். அதுதான் இப்போது அவன் கஷ்டம்.

சின்னக் கட்டத்தில் மெஹ்ரீன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"சத்தம் விட்டு விட்டு வருது. அந்தம்மா இப்ப என்ன சொன்னாங்க?"

நிஜமாகவே விட்டு விட்டு வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆயுசு முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன், அந்தச் சின்னக் கட்டத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரஹலாத் என்னைப் பார்த்தான். நான் சந்திரம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஓரத்து மூட்டையையும் பார்க்கவில்லை.

நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். முடிவு எழுதத் தெரியாமல் இல்லை. செக்கிங்காரன் எழுதினால் அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. மெஹ்ரீன் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். சந்திரம்மாளுக்கு நாக்கு எழவில்லை. பையனுக்கு வாய் வராது, அதை முன்பே சொல்லிவிட்டேன். நான் கண் சிமிட்ட வந்தவன்.

மிச்சம் இருப்பது நீங்கள். ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கிறீர்கள், அந்த அறைக்குள்ளும் வந்துவிட்டீர்கள். அவள் சொன்னது எழுத்து எழுத்தாக உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

கேட்கிறாள் பாருங்கள், சொல்லுங்கள். அந்தம்மா என்ன சொன்னாங்க?